சுரங்கத்தின் பசியில் வளர்ந்த மாட்டுப்பண்ணை

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கில், ஒரு மலைச் சிற்றூரைக் களமாகக் கொண்டு நாவல் எழுதத் தொடங்கியிருப்பதாகவும், அங்கே மாட்டுப்பண்ணைக்காரரும் சுரங்கத் தொழிலாளரும் உண்மையிலேயே அருகருகே வாழ்ந்தார்களா, வாழ்ந்திருந்தால் திரைப்படங்களில் வருவதைப் போல எந்நேரமும் துப்பாக்கியோடு மோதிக்கொண்டார்களா என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது சண்டையைப் பற்றியதுதான் என்றாலும், அதற்கு அடியில் இருப்பது வேறொரு கேள்வி என்று நினைக்கிறேன்: விளைச்சலே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் ஓராண்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தபோது, யார் யாருக்குச் சோறு போட்டார்கள்? அதற்கு விடை கிடைத்தால் மோதலைப் பற்றிய கேள்விக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மேற்குப் பகுதி முழுவதையும் ஒரே கதையாகச் சொல்லாமல், நான் நன்கறிந்த மான்டானா மாநிலத்தின் தென்மேற்கு மலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சுரங்க நிலவியலில் பயிற்சி பெற்றவன். கோலார் தங்கவயலில் தொழிலைத் தொடங்கி, பின்னாளில் மான்டானாவின் கிளார்க் ஃபோர்க் ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவுமண்ணை ஆய்வு செய்யும் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பணி ஆற்றோரப் பண்ணைகளின் வழியாகவே நடந்ததால், பண்ணைக் குடும்பங்களோடு பழகவும் அவர்களுடைய பழைய ஆவணங்களைப் படிக்கவும் வாய்த்தது. எனவே மண், கனிமம், நீர் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மாடு வளர்ப்பைப் பற்றிச் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்தது என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

1862 ஜூலை இறுதியில் கிராஸ்ஹாப்பர் ஓடையில் தங்கம் கிடைத்து பேனக் என்ற ஊர் உருவானது. 1863 மே 26 அன்று, அதற்குக் கிழக்கே ஆல்டர் கல்ச் என்ற ஓடைப் பள்ளத்தில் அதைவிட வளமான தங்கம் தென்பட, ஓராண்டுக்குள் சுமார் பத்தாயிரம் பேர் அந்த ஓடையின் இரு கரைகளிலும் வர்ஜீனியா சிட்டி முதலான குடியிருப்புகளை அமைத்துக்கொண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரம். பனி விழாத மாதங்கள் மிகக் குறைவு. கோதுமை மாவு தெற்கே யூட்டாவிலிருந்து சுமார் நானூறு மைல் தூரம் மாட்டுவண்டியில் வரவேண்டும். அல்லது மிசௌரி ஆற்றில் நீராவிப் படகு போகக்கூடிய கடைசித் துறையான ஃபோர்ட் பென்டனில் இறங்கி, அங்கிருந்து மலையேற வேண்டும். குளிர்காலத்தில் இரண்டு வழியும் அடைபட்டுவிடும். 1865 வசந்தத்தில் பனியால் வண்டிகள் நின்றுபோனபோது, ஒரு மூட்டை மாவின் விலை நூறு டாலர் அளவுக்கு ஏறியது. துப்பாக்கி ஏந்திய கூட்டம் வர்ஜீனியா சிட்டியில் வீடுவீடாகச் சென்று பதுக்கிய மாவைத் தேடி எடுத்து, விலை நிர்ணயித்துப் பங்கிட்டது. இந்த நிலையில், வண்டிக்கூலி இல்லாமல் தன் காலாலேயே நடந்து சந்தைக்கு வந்துசேரும் ஒரே உணவு மாடுதான். அந்த மலைகளில் மாட்டுப்பண்ணை என்ற தொழில் வேரூன்றியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மாடுகள் அங்கே தங்கத்துக்கு முன்பே இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி வணிகரின் மகனான ஜானி கிராண்ட், 1850களில் ஆரிகன் நோக்கிச் சென்ற குடியேறிகளின் பாதையில் நின்று, நடந்து களைத்த இரண்டு மாடுகளைப் பெற்றுக்கொண்டு தேறிய மாடு ஒன்றைக் கொடுத்து வந்தார். களைத்த மாடுகளை மலைப் பள்ளத்தாக்கின் புல்லில் விட்டுத் தேற்றி, மறு ஆண்டு அவற்றையே மீண்டும் மாற்றுக்கு விடுவார். அந்த உயரத்தில் வளரும் கொத்துப்புல் கோடை முடிவில் நின்ற நிலையிலேயே சத்துக் குறையாமல் உலர்ந்துவிடும். காற்று பனியை விலக்கிவிடும் சரிவுகளில் மாடுகள் குளிர்காலத்திலும் அதை மேய்ந்து பிழைக்கும். இதைத் தெரிந்துகொண்டதே கிராண்டின் மூலதனம். டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் அவர் 1862இல் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது.

உங்கள் நாவலுக்கு மிகவும் பயன்படக்கூடியவர் கான்ராட் கோர்ஸ். 1835இல், இன்று வடக்கு ஜெர்மனியில் உள்ள ஹோல்ஸ்டைனில் பிறந்து, சிறுவயதிலேயே கப்பலேறி, கலிபோர்னியாவிலும் கனடாவின் ஃபிரேசர் ஆற்றிலும் தங்கம் தேடி அலைந்தவர். 1862இல் மான்டானாவுக்கு வந்தபோதும் தங்கம் தேடித்தான் வந்தார். ஆனால் பேனக்கில் அவருக்குக் கிடைத்தது, ஹாங்க் கிராஃபோர்டு என்பவரின் கசாப்புக்கடையில் மாதம் 25 டாலர் சம்பள வேலை. கிராஃபோர்டு, பின்னர் ஊரின் ஷெரீஃப் ஆன ஹென்றி பிளம்மரோடு பகைத்து, அவரைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு ஊரைவிட்டு ஓட, கடை கோர்ஸ் கைக்கு வந்தது. அடுத்தடுத்த தங்க ஊர்களிலும் அவர் கடை திறந்தார். கடைகளுக்கு மாடு போதாமல் போகவே, பள்ளத்தாக்குகள்தோறும் குதிரையில் சென்று மாடு வாங்கினார். வாங்கியதை நிறுத்த இடம் தேவைப்பட்டது. 1866இல் ஜானி கிராண்டின் வீட்டையும் மந்தையையும் 19,200 டாலருக்கு வாங்கினார். பின்னாளில் நான்கு மாநிலங்களிலும் கனடாவிலும் மந்தைகள் மேய்ந்த, ஆண்டுக்குப் பத்தாயிரம் மாடுகள் வரை சிகாகோவுக்கு அனுப்பிய பெரும்பண்ணைக்கு இதுதான் தொடக்கம். அதே மனிதர் தங்கச் சுரங்கங்களிலும், அவற்றுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால்களிலும் பணம் போட்டிருந்தார். பண்ணைக்காரரா சுரங்கக்காரரா என்று அவரைக் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியே அவருக்கு விளங்கியிருக்காது.

மறுபுறத்திலிருந்தும் இதேபோல வந்தவர்கள் உண்டு. ஆல்டர் கல்ச்சில் தங்கம் எடுத்துப் பணம் சேர்த்த நெல்சன் ஸ்டோரி, அந்தப் பணத்தைக் கொண்டு டெக்சாஸில் மாடுகளை வாங்கி, 1866 இறுதியில் மான்டானாவுக்கு ஓட்டிவந்தார். ராணுவம் தடுத்தும் கேளாமல், மான்டானா தங்கவயல்களுக்குச் சென்ற போஸ்மன் தடத்தில் அவர் மந்தையை ஓட்டிவந்தது புகழ்பெற்ற கதை. புறப்படும்போது மந்தையில் எத்தனை மாடுகள் இருந்தன என்பதில் அறுநூறு என்றும் ஆயிரம் என்றும் கணக்குகள் மாறுபடுகின்றன. வழியில் நடந்த மோதல்களைப் பற்றிய விவரங்களும் பின்னாளில் பெருகியவை. பயணம் நடந்தது உறுதி. அலங்காரங்களை ஐயத்தோடு அணுகுங்கள். 1880 வாக்கில் மத்திய மான்டானாவில் டி.எச்.எஸ். என்ற பெரும்பண்ணையைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஹெலினாவின் வங்கியாளர் சாமுவேல் ஹவுசர். மற்றொருவர் பியூட் நகரில் வெள்ளிச் சுரங்கம் வைத்திருந்த ஏ. ஜே. டேவிஸ். மலையில் தோண்டிய பணம்தான் சமவெளியில் மாடாக மேய்ந்தது.

அன்றாட வாழ்வைப் பற்றிச் சொல்வதானால், தொடக்க காலத் தங்கவேலை நிலத்தடியில் நடக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். ஓடையின் நெடுக்கில் ஆளுக்கு நூறு அடி. மேல்மண்ணை வாரிப் போட்டுவிட்டு, பாறைத் தளத்தை ஒட்டிக் கிடக்கும் சரளையை எடுத்து, குறுக்குச் சட்டங்கள் அடித்த நீண்ட மரத் தொட்டியில் கொட்டி நீரை ஓடவிடுவார்கள். கனமான தங்கத்துகள் சட்டங்களுக்குப் பின்னால் தங்கிவிடும். மிக நுண்ணிய தூளைப் பிடிக்கப் பாதரசம் ஊற்றுவார்கள். பகல் முழுவதும் முழங்கால் ஆழக் குளிர்நீரில் நின்று செய்யும் வேலை இது. நீர் உறைந்தால் வேலையும் நின்றுவிடும். அந்தக் குளிர்மாதங்கள்தான் கசாப்புக்காரருக்கு ஏற்ற பருவம்; வெட்டிய மாட்டை வெளிக்கொட்டகையில் தொங்கவிட்டால் கெடாது. கடையில் நாணயத்தைவிடத் தங்கத்தூள்தான் புழங்கியது. மேசைமேல் ஒரு சிறு தராசு, வாடிக்கையாளரின் இடுப்பில் தோல்பை. அவர் பையை அவிழ்த்துச் சிறிது கொட்ட, கடைக்காரர் நிறுத்து எடுத்துக்கொள்வார். ஒரு அவுன்சு தூய தங்கத்துக்கு அரசு விலை 20.67 டாலர், தூளில் மணலும் பிற உலோகமும் கலந்திருப்பதால் ஊர்க்கடைகளில் அதை ஏறத்தாழ 18 டாலருக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆல்டர் கல்ச் முதல் சில ஆண்டுகளில் மூன்று கோடி டாலர் தங்கம் தந்ததாகப் பல நூல்கள் எழுதுகின்றன. தூளாகவே கைமாறி, பதிவே இல்லாமல் பைகளில் வெளியேறிய செல்வத்தை யாராலும் துல்லியமாகக் கணக்கிட முடியாது. அந்தத் தொகையை ஒரு மதிப்பீடாக மட்டும் கொள்ளுங்கள்.

பண்ணையில் வேலை வேறு தாளத்தில் நடந்தது. வசந்தத்தில் மந்தைகளைத் திரட்டிக் கன்றுகளுக்குச் சூடு போடுவது, கோடையில் மேய்ச்சல், இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு மாடு பிரிப்பது, குளிர்காலத்தில் ஓடைப் பனிக்கட்டியை உடைத்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது. 1880களில் மாடு மேய்ப்பவருக்கு மாதம் 30 முதல் 40 டாலரும் சாப்பாடும் கிடைத்தன. பியூட் சுரங்கத்திலோ 1878 முதல் தொழிற்சங்கம் போராடிக் காத்த நாட்கூலி 3.50 டாலர். பணத்துக்காக இளைஞர்கள் சுரங்கத்துக்கே போயிருக்க வேண்டும். போகாதவர்கள் ஏன் போகவில்லை என்பது பியூட்டில் வேலை செய்தவர்களுடைய நுரையீரலைப் பார்த்தால் புரியும். பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்காத் தூசு சில ஆண்டுகளிலேயே மூச்சைப் பிடித்துவிடும். கோலாரில் எங்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் தந்தையும் மகனும் இதே நோயில் போனதைக் கண்டவன் என்பதால், இதை வெறும் புள்ளிவிவரமாக என்னால் எழுத முடிவதில்லை. இரண்டு ஊருக்கும் மற்றோர் உறவும் உண்டு: கோலாரில் மேற்பார்வையாளர்களாக இருந்த இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத்தார்தான், அதே கால அளவில் பியூட்டிலும் அயர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து தோண்டினார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த அவர்களுடைய சுட்ட பணியாரம் பியூட்டின் உணவகங்களில் இன்றும் கிடைக்கிறது.

பண்ணை வீட்டுப் பெண்களை விட்டுவிடாதீர்கள். கோர்ஸ் மணந்த அகஸ்டா ஜெர்மனியிலிருந்து வந்தவர். 1868இல், பத்தொன்பது வயதில், அந்தப் பள்ளத்தாக்கு வீட்டுக்கு வந்துசேர்ந்தார். அப்படிப்பட்ட வீட்டில் ஆட்களுக்குச் சமைப்பது மட்டுமன்றி, மாட்டுக்கொழுப்பிலிருந்து சோப்பும் மெழுகுவத்தியும் செய்வதும் பெண்களின் வேலையாக இருந்தது. அவர் 1945 வரை வாழ்ந்தார்.

இனி, நீங்கள் நேரடியாகக் கேட்ட மோதலுக்கு வருகிறேன். வன்முறை இருந்தது, ஆனால் அது பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஓடிய கோடு அன்று. 1864இன் தொடக்க வாரங்களில் பேனக், வர்ஜீனியா சிட்டி பகுதிகளில் தாமே சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்ட குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். ஜனவரி 10 அன்று தூக்கிலிடப்பட்டவர்களுள் ஷெரீஃப் பிளம்மரும் ஒருவர். அவர் தூக்கிலிடப்பட்டது உறுதி. அவர்தான் வழிப்பறிக் கூட்டத்தின் தலைவர் என்பது தூக்கிலிட்டவர்கள் தரப்பு எழுதிவைத்த வரலாறு. முறையான விசாரணை எதுவும் நடக்காததால், பிற்கால ஆய்வாளர்கள் சிலர் அதை ஏற்பதில்லை. 1884இல் மாட்டுத் திருடர்கள் என்று குற்றம்சாட்டிப் பலரைக் கொன்றதும் பண்ணை முதலாளிகள் ஏவிய குழுதான். இவை சொத்து உடையவர்கள் நீதிமன்றத்துக்குக் காத்திராமல் செய்தவை.

பண்ணையும் சுரங்கமும் உண்மையில் உரசிக்கொண்ட இடம் நீர். ஓடையை அரித்துக் கலக்கியவர்களுக்குக் கீழே மாட்டுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. ஆனால் இதிலும் ஒரு பிணைப்பைக் காண்கிறோம்: யார் முதலில் ஓடையைத் திருப்பிப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை என்ற விதி, தங்கம் தேடியவர்கள் கலிபோர்னியாவில் தங்களுக்குள் வகுத்துக்கொண்டது. பண்ணைக்காரர்களும் அதையே ஏற்றுத் தங்கள் புல்வெளிகளுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். மேற்கு மாநிலங்களின் நீர்ச்சட்டம் இன்றும் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் எல்லாவற்றையும் இழந்தவர்களை நாவலில் பின்னணி உருவங்களாக்கிவிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கத்தூளும் புல்வெளியும் ஆளற்ற நிலத்தில் கிடக்கவில்லை. மேற்கு மான்டானாவின் பெரும்பகுதியை 1855 ஹெல்கேட் உடன்படிக்கை சேலிஷ் முதலிய பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்தது. பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் விடாப்பிடியாகத் தங்கியிருந்த தலைவர் சார்லோவின் கூட்டத்தார் 1891இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். சமவெளியில் மாடுகள் மேய்வதற்கு இடம் கிடைத்ததே, 1880களின் தொடக்கத்துக்குள் காட்டெருமைகள் அழித்தொழிக்கப்பட்டதால்தான். அந்த எருமைகளை நம்பியிருந்த பிளாக்ஃபீட் பூர்வகுடி மக்கள் 1883–84 குளிர்காலத்தில் பட்டினியால் மடிந்தார்கள். சீனர்களையும் மறக்கலாகாது. 1870 மக்கள்தொகைக் கணக்கில் மான்டானாவின் 20,595 பேரில் 1,949 பேர் சீனர். மற்றவர்கள் அரித்து முடித்துவிட்டுப் போன சரளையை அவர்கள் மறுபடியும் பொறுமையாக அரித்தார்கள், காய்கறித் தோட்டம் போட்டார்கள், சலவைக்கடை வைத்தார்கள். 1896இல் பியூட் தொழிற்சங்கங்கள் அவர்களைப் புறக்கணிக்கும்படி அறைகூவியபோது, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து அவர்கள் வென்றார்கள். இது ஒரு தனி நாவலுக்கே உரிய பொருள்.

1886–87 குளிர்காலம் பண்ணைத் தொழிலை இரண்டாகப் பிளந்தது. முந்தைய கோடை வறட்சியில் புல் குட்டையாகவே நின்றுவிட்டது. நவம்பரில் பனி தொடங்கியது. ஜனவரியில் சிறிது உருகி மறுபடியும் இறுகியதால், புல்லுக்கு மேல் பனிக்கட்டி ஓடு படர்ந்தது. மாடுகளால் அதை உடைக்க முடியவில்லை. மான்டானாவில் அறுபது விழுக்காடு மாடுகள் இறந்ததாகச் சொல்வது வழக்கம். ஆனால் பரந்த மேய்ச்சலில் மந்தைகளைத் தலையெண்ணிப் பார்க்காமல் ஏட்டுக் கணக்கிலேயே வாங்கி விற்ற காலம் அது. ஏட்டில் மட்டும் இருந்த மாடுகளையும் பனியின் தலையில் எழுதிவிட்டவர்கள் உண்டு. பேரழிவு நடந்தது உறுதி, விழுக்காடு உறுதியன்று. கோர்ஸும் பெருமளவில் இழந்தார். அவரை மீட்டது மேலே சொன்ன டேவிஸ் கொடுத்த ஒரு லட்சம் டாலர் கடன். கசாப்புக்கடைக் காசில் எழுந்த பண்ணையை, இருபது ஆண்டுகள் கழித்துச் சுரங்கப் பணமே மறுபடியும் தூக்கி நிறுத்தியது. அதற்குப் பிறகுதான், குளிர்காலத்துக்கு உலர்புல் அறுத்து அடுக்கி வைக்காமல் மாடு வளர்க்கக் கூடாது என்பது அந்தப் பள்ளத்தாக்குகளில் நடைமுறையானது.

அதே காலத்தில் சுரங்கமும் மாறிவிட்டது. 1882 வாக்கில் மார்கஸ் டேலியின் அனகோண்டா சுரங்கத்தில் வளமான செம்புப் படிவம் வெளிப்பட்டது. 1883இல் உருக்காலைக்கென்றே அனகோண்டா என்ற ஊர் எழுந்தது. தனியாள் அரிப்புப் போய்க் கம்பெனியின் ஷிப்ட் வேலை வந்தது. 1917 ஜூன் 8 அன்று பியூட்டில் ஒரே சுரங்கத் தீ விபத்தில் 168 பேர் நிலத்தடியில் இறந்தார்கள். உண்மையான பகை மூண்டது இந்தக் கட்டத்தில்தான். 1902இல் இயங்கத் தொடங்கிய புதிய உருக்காலையின் புகையில் வந்த ஆர்செனிக், டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கின் புல்லில் படிந்து மாடுகளையும் குதிரைகளையும் கொன்றது. கம்பெனி இழப்பீடு கொடுத்தது, உயரமான புகைபோக்கி கட்டியது, சாவு நிற்கவில்லை. 1905இல் விவசாயிகள் வழக்குத் தொடுத்து, 1909இல் தோற்றார்கள். உருக்காலையை மூடினால் மாநிலத்தின் பொருளாதாரமே நிலைகுலையும், விவசாயிகளின் விளைபொருளை வாங்குவோரும் இல்லாமற் போவார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. பண்ணையை உண்டாக்கிய அதே சந்தை, பண்ணையின் வாயை அடைக்கும் வாதமாகவும் ஆனது.

1908 ஜூனில் வந்த பெருவெள்ளம், பியூட்டிலும் அனகோண்டாவிலும் குவிந்திருந்த கழிவுமண்ணைக் கிளார்க் ஃபோர்க் ஆற்றின் நெடுகிலும் கொண்டுவந்து பரப்பியது. ஆறு அறுத்த கரையின் முகத்தைப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே படிக்கலாம். அடியில் பழைய புல்வெளியின் கரிய மண், அதில் மட்கிய வேர்கள்; அதற்கு மேல் கத்தியால் கோடு கிழித்தாற்போல வெளிறிய மஞ்சளும் காவியுமான கழிவுமண் அடுக்கு. வறண்ட கோடையில் அந்த அடுக்கிலிருந்து ஈரம் மேலேறி ஆவியாகும்போது, தரையில் நீலப்பச்சைச் செம்பு உப்புப் பூத்து நிற்கும். அங்கே புல் முளைப்பதில்லை, பட்டுப்போன வில்லோப் புதர்களின் கட்டைகள் மட்டும் நிற்கும். இப்படிப்பட்ட திட்டுகள், 1972 முதல் தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படும் கிராண்ட்–கோர்ஸ் பண்ணைக்குள்ளேயே ஆற்றோரம் இருந்தன. நான் பணியாற்றிய காலமெல்லாம், மண்ணை எவ்வளவு ஆழம் தோண்டி அகற்றுவது, எந்த இடத்தில் சுண்ணாம்பு கலந்து அங்கேயே சரிப்படுத்துவது என்பதுதான் எங்களுடைய அன்றாடக் கேள்வி.

ஆகவே, ஒரே குடும்பத்தில் ஓர் அண்ணன் சுரங்கத்திலும் தம்பி பண்ணையிலும் இருப்பதாகவோ, ஒரே மனிதர் இரண்டிலும் பணம் போட்டிருப்பதாகவோ நீங்கள் எழுதினால் அது முற்றிலும் நம்பத்தக்கது. கதை 1863–66இல் நடந்தால், பகைக்குக் காரணமாகத் தங்கத்தூள் வழிப்பறி, மாவுப் பஞ்சம், ஓடை நீர் ஆகியவற்றை வையுங்கள். பண்ணைக்காரரையும் சுரங்கத்தாரையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்த வேண்டாம். அப்படி நிறுத்துவதுதான் உங்கள் கதைக்குத் தேவை என்றால், ஆண்டை 1902க்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். அப்போது துப்பாக்கிக்குப் பதிலாக வழக்கறிஞர்களும், இறந்த குதிரையின் குடலைச் சோதிக்கும் வேதியியலாளர்களும் உங்களுக்குத் தேவைப்படுவார்கள்.